பக்கத்துக் கதிரை

பிள்ளை கணக்கில் பிழைவிட்டால் சந்தோஷப்படுகிற ஆளை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். விடை சரியாக இருந்தால் கொப்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுவார். பிழையான விடை கண்ணில் பட்டால் போதும், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கலியாண வீட்டில் பலர் கூடிச் சாப்பிடுகிற பெரிய தட்டில் சஹன் சோறு வந்து இறங்கும்போது சில பேருடைய முகத்தில் வருமே, அந்த வெளிச்சம்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரும் தன் கொப்பியில் யாருடைய பெயரையும் எழுதியதில்லை. "பேர எழுதினா அடுத்த முறை பேரத்தான் பார்ப்பம் டீச்சர், பிழையப் பார்க்க மாட்டம்" என்பார். நாங்கள் அவரைப் பரிகாரச் சேர் என்றே சொன்னோம். கணக்கில் பின்தங்கிய சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிகாரக் கற்பித்தல் செய்வதற்காக எங்கள் கல்விக் கோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு, மற்ற நாட்கள் வேறு பாடசாலைகளுக்கு. சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர், கடற்றொழில் குடும்பம், நாற்பது வயதிருக்கும். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார். வாயைத் திறந்தால் முதலில் வருவது, சரி என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற "ஹரி, ஹரி".

எங்கள் பாடசாலை கற்பிட்டி வீதியிலிருந்து உள்ளுக்குப் போகவேண்டிய ஒரு கரையோரக் கிராமத்தில் இருந்தது. நான் தில்லையடியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். முதலாம் தரத்தில் பொறுப்பெடுத்த பிள்ளைகளோடு நானும் இரண்டாம் தரத்துக்கு ஏறியிருந்தேன். முப்பத்தொரு பிள்ளைகள். அத்தனை பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல்நாள் அவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வகுப்புக்குள் வந்தார். சலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று ஒரு கணம் தடுமாறி, கடைசியில் சிரித்து வைத்தார். என் மேசைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்காருகிற சின்னக் கதிரை ஒன்று கிடந்தது. அதைக் காட்டினார்.

"டீச்சர், இந்தக் கதிரைய நான் எடுக்கலாமா?"

"அதில என்ட பேக் இரிக்குதே சேர்."

"ஓம். அதுக்குத்தான் கேட்டன்."

நிலத்தில் வைத்தால் பையில் எறும்பு ஏறும். மேசையெல்லாம் கொப்பி. வேறு வழியில்லாமல் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கதிரையைக் கொண்டுபோய் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டு, முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட அதில் உட்கார்ந்தார். எந்தப் பிள்ளைக்கும் அவர் எதிரே உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னால இருந்தா பிள்ள என்ட மூஞ்சியத்தான் பார்க்கும். சரியா பிழையா எண்டு மூஞ்சியில தேடும். பக்கத்தில இருந்தா ரெண்டு பேரும் கணக்கப் பார்க்கலாம்."

பாடம் முடிந்ததும் கதிரையைத் துடைத்துத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். வைத்த கையோடு என் பை அதில் ஏறிவிடும். அவர் வருகிற நாளிலெல்லாம் இது நடந்தது. பைக்கு வேறோர் இடம் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவரிடம் சிவப்புப் பேனை கிடையாது. சரி போடமாட்டார், பிழை போடமாட்டார். பிழையான விடையை விரலால் தொட்டு, "இது எப்பிடி வந்திச்சு?" என்று கேட்பார். அவ்வளவுதான். பிறகு கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை வராது. பிள்ளை நகம் கடிக்கும், யன்னலைப் பார்க்கும், மூக்கைத் துடைக்கும். அவர் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். "சொல்லுங்க" என்றுகூட அவசரப்படுத்தமாட்டார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்துப் பிள்ளை வாய் திறக்கும்.

ஆறும் ஆறும் அறுபத்தாறு என்று எழுதிய பிள்ளை, "ஆறுக்குப் பக்கத்தில ஆறு வந்து நிண்டா அறுபத்தாறுதானே சேர்" என்றது. ஒரு பயிற்சித் தாளில் வள்ளத்தின் படம் ஒன்று இருந்தது. வள்ளத்தில் எத்தனை பேர் என்று கேள்வி. படத்தில் தெளிவாக நாலு தலை. ஒரு பிள்ளை ஐந்து என்று எழுதியிருந்தாள். நானென்றால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கொப்பிக்குப் போயிருப்பேன். அவர் கேட்டார், காத்திருந்தார். அந்தப் பிள்ளையின் வாப்பா சங்கு குளிக்கப் போகிறவர். வள்ளத்தின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் போகிற கயிற்றைக் காட்டி அவள் சொன்னாள்:

"தண்ணிக்குள்ள ஒராள் இரிக்காரு சேர்."

அன்றைக்கு முழுவதும் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். படம் வரைந்தவருக்கே அந்தக் கயிறு எதற்கென்று தெரிந்திருக்காது என்றார். பையிலிருந்து தன் கொப்பியை எடுத்தார். பிள்ளைகள் கணக்கு எழுதுகிற கட்டக் கொப்பிதான், மண்ணிறத் தாளால் உறை போட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் அது வந்த வழி. எல்லாம் பென்சில் எழுத்து. வலப்பக்கம் நிரம்பும்வரை இடப்பக்கத்தைத் திருத்தக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

இந்தப் பழக்கம் வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தித் தேநீர்க் கடையில் ஒருநாள் பிளேன்டீ கேட்டவருக்குப் பால் தேத்தண்ணீர் வந்தது. "இது எப்பிடி வந்திச்சு நாநா?" என்று கேட்டாராம். கடைக்கார நாநா சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, "வேறொண்டு ஊத்தித் தாறன் சேர்" என்று கோப்பையை எடுக்கப் போயிருக்கிறார். "வேணாம், இதையே குடிக்கிறன். எப்பிடி எண்டு மட்டும் சொல்லுங்க" என்று இவர் விடவில்லை. நாநா தலையைச் சொறிந்து யோசித்ததில், முதல்நாள் இதே நிறத்து ஹெல்மெட்டோடு வந்த ஒருவர் பால் தேத்தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்திருக்கிறது. ஆளைப் பார்க்காமல் ஹெல்மெட்டைப் பார்த்து ஊற்றியிருக்கிறார். அது தெரிந்த திருப்தியில் இவர் இரண்டு பணிஸ் கூடுதலாகச் சாப்பிட்டார் என்று நாநாவே எங்களிடம் சொன்னார்.

அவருடைய மகளுக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஓர் இடைவேளையில் வீட்டிலிருந்து அவள் தொலைபேசி எடுத்தாள். காய்ச்சலென்று பாடசாலைக்குப் போகாமல் வீட்டுக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் போல. அவர் சத்தமாக வைத்துக் கதைக்கிற ஆள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, விடைய மட்டும் சொல்லுங்கப்பா."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"சொல்ல மாட்டன். சொன்னா எப்பிடி வந்திச்செண்டு கேப்பீங்க!"

ஆசிரியர் அறையே சிரித்தது. அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் கடைசிவரை விடையைச் சொல்லவில்லை.

பாடசாலை அதிபரிடமும் கேட்டுவிட்டார். அதுதான் வினையானது. ஒரு கூட்டத்தில் அதிபர் புதிய நேரசூசியை வாசித்தார். ஒரே பாடவேளையில் ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்களைப் போட்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தனியே போய்ப் பக்குவமாகச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். இவர் கையை உயர்த்தி, கண்ணில் அதே வெளிச்சத்தோடு, "சேர், இது எப்பிடி வந்திச்சு?" என்றார். அதிபரின் முகம் சிவந்துவிட்டது. "பிழையெண்டா பிழையெண்டு சொல்லுங்க சேர். என்னய விசாரிக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார்.

வெளியே வந்ததும் நான்தான் சொன்னேன்: "சேர், பெரியாக்கள்ட்ட அப்பிடிக் கேக்கப்படாது."

"ஏன் டீச்சர், பெரியாக்கள்ட பிழைக்கு வழி இல்லையா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் முதல் தவணை முழுக்க அவர் மேல் எனக்கு எரிச்சல்தான். ஒரு பிள்ளைக்கு அரைமணித்தியாலம் என்று உட்கார அவருக்கு வசதி இருந்தது. என்னிடம் இருந்தது முப்பத்தொன்று. பாடத்திட்டத்தை யார் முடிப்பது? மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயத்துக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டும் இருந்தேன். அது சுமையாவின் விஷயத்தில்தான் வெளியே வந்தது.

சுமையா என் வகுப்பில் மூன்றாவது வரிசைப் பிள்ளை. கருவாடு காயப்போடுகிறவரின் மகள். அதிர்ந்து கதைக்கமாட்டாள், சொன்ன சொல் தட்டமாட்டாள். ஒன்றிலிருந்து நூறுவரை தடங்கலில்லாமல் சொல்வாள். ஆனால் பொருளைக் கொடுத்து எண்ணச் சொன்னால் எல்லாம் பிழை. எட்டு மீன் இருக்கிற படத்தில் ஏழு என்பாள். ஐந்தும் மூன்றும் ஒன்பது. ஏழில் இரண்டு போனால் நாலு. ஒருமுறை பயிற்சித் தாளில் ஒரே ஒரு யானை நின்றது. எத்தனை யானை என்ற கேள்விக்குப் பூச்சியம் என்று எழுதியிருந்தாள். அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் நான் எல்லோருக்கும் காட்டினேன். "யானை வில்பத்துக் காட்டுக்குள்ள போயிட்டு போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் தவணையில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சாதாரண வகுப்பில் படிக்க இயலாத பிள்ளைகள் இருந்தால் நகரத்துப் பாடசாலையில் இருக்கும் விசேட கல்வி அலகுக்குச் சேர்க்கப் பெயர் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை படிவம் போகவேண்டும். என் வகுப்பிலிருந்து ஒரே பெயர் எழுதினேன். சுமையா.

அந்த அலகு நல்ல அலகுதான், தேவையான பிள்ளைகளுக்கு அங்கே நல்லதே நடக்கிறது. ஆனால் சுமையாவின் வீட்டிலிருந்து நகரத்துக்குப் போக ஒன்றரை மணித்தியாலம் பஸ். உம்மாவின் கையில் குழந்தை, வாப்பாவுக்குக் கரையை விட்டு நகர முடியாது. அவளுக்கு மூத்த ராத்தா ஏற்கனவே ஆறாம் தரத்தோடு நின்றுவிட்டவள். படிவத்தில் பெயர் போனால் இந்தப் பிள்ளை நகரத்துக்குப் போகாது, வீட்டோடுதான் நிற்கும். அது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் என் மேசையில் அந்தப் படிவத்தைக் கண்டார்.

"இந்தப் பேர் எப்பிடி வந்திச்சு டீச்சர்?"

எனக்குச் சுறுக்கென்றது. கொப்பியை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "நீங்களே பாருங்க. சில நேரம் கூடப் போகுது, சில நேரம் கொறயப் போகுது. தலையும் இல்ல, வாலும் இல்ல. ரெண்டு வருசமா நானும் சொல்லிக் குடுத்து அலுத்துட்டன்."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். யானைப் பக்கத்தில் நின்றார். சிரிக்கவில்லை.

"கூடினாலும் கொறஞ்சாலும் ஒண்டுதான் டீச்சர் தள்ளிப் போகுது. ரெண்டு தள்ளிப் போகல்ல. எழுந்தமானத்துக்குப் போடுற பிள்ள இவ்வளவு ஒழுங்காப் பிழை விடாது."

மடியில் பையோடு நான் பார்த்துக்கொண்டிருக்க, கதிரையைக் கொண்டுபோய்ச் சுமையாவுக்குப் பக்கத்தில் போட்டார். சோடா மூடிகளைக் கொட்டி எண்ணச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "முதல் மூடியத் தொடுறா. தொட்டு வாய அசைக்கிறா. ஆனா சத்தமில்ல. ரெண்டாவதத் தொடக்கொள்ளதான் ஒண்டு எண்டு சொல்றா. எடுக்கச் சொன்னாலும் அப்பிடித்தான். அஞ்சு எடுக்கச் சொன்னா ஆறு மூடி எடுக்கிறா. முதலாவதுக்கு என்னமோ சொல்றா டீச்சர். என்ன எண்டு கேட்டா ஒங்களப் பார்க்கிறா."

"முதலாவது ஒண்டு எண்டு சொல்லிக் குடுத்தா முடிஞ்சுதே சேர்."

"சொல்லலாம். நீங்க ரெண்டு வருசமாச் சொல்லிட்டுத்தானே இரிக்கிறீங்க."

வியாழக்கிழமையும் சுமையா வாய் திறக்கவில்லை. பாடசாலை விட்டதும் அவர், "வீட்ட போய்ப் பார்ப்பமா?" என்றார். அடுத்த நாள் படிவம் போகிறது. எனக்கு பஸ் தவறிவிடும். ஆனாலும் போனேன். பிள்ளைக்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். அவருடைய காத்திருப்பு ஓரிடத்திலாவது தோற்பதைப் பார்க்கத்தான் போனேன்.

தென்னந்தோட்டத்தைத் தாண்டினால் கரை. வலை விரித்த பந்தல்களில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சுமையாவின் வாப்பா கட்டாக் கருவாட்டைத் தரம் பிரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க சேர். புள்ள என்னமும் செஞ்சிட்டாவா?"

"ஒண்டும் இல்ல நாநா. அவ எண்ணுறதக் கொஞ்சம் பார்ப்பம் எண்டு வந்தம்" என்ற அவர், மணலில் கிடந்த கருவாட்டுக் குவியலுக்கு முன்னால் சுமையாவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "இத எண்ணிக் கூடையில போடுங்க மகள், பார்ப்பம்."

அவள் முதல் கருவாட்டைத் தொட்டாள். உதடு அசைந்தது. என்னைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், உள்ளுக்குப் போய் உம்மாவோட கொஞ்சம் கதைச்சிட்டு இருங்களேன்."

என் வகுப்புப் பிள்ளை. என்னையே போகச் சொல்கிறார். முகம் சூடாகிவிட்டது. திரும்பி உள்ளே போனேன். உம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். கிடுகு வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தெரியும், அவர் காத்திருக்கிறார். கோப்பை பாதியானபோது சுமையாவின் குரல் கேட்டது. என் வகுப்பில் அவ்வளவு சத்தமாக அவள் ஒருநாளும் கதைத்ததில்லை.

"பரக்கத்து. ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு..."

"பரக்கத்து எண்டா என்ன மகள்?" இது அவர்.

"அது பரக்கத்து."

"அது எண் இல்லயா?"

"இல்ல. அத இஸ்கூல்ல சொல்லப்படாது."

"யார் சொன்ன?"

உம்மா என்னைப் பார்த்தார்.

பரிகாரச் சேருக்கு அது புதிய சொல். எனக்கு அப்படியில்லை. எங்கள் ஆட்கள் அளக்கும்போதும் எண்ணும்போதும் முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை. பரக்கத்து என்று சொல்லி, அடுத்ததை இரண்டு என்பார்கள். இருப்பது பெருகவேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்கிற ஒரு சொல். என் வாப்பா சுண்டுப் பேணியால் அரிசி அளந்ததும் அப்படித்தான். பரக்கத்து, இரண்டு, மூன்று என்று அளந்த அரிசியில்தான் நான் வளர்ந்தேன். சிலாபத்துக்காரர் மணலில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம், பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய அடி அடுத்ததாக வந்தது. முதலாம் தரத்தின் முதல் கிழமை. சிப்பிகளை எண்ணச் சொன்னேன். சின்னப் பிள்ளையொன்று எழுந்து, "பரக்கத்து, ரெண்டு, மூண்டு" என்று எண்ணியது. சரியாகத்தான் எண்ணியது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "இஸ்கூல்ல பரக்கத்து இல்ல மகள். ஒண்டுல இருந்து தொடங்கணும்." சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனேன். அந்தப் பிள்ளை சுமையா. வாப்பாவின் சொல்லையும் அவள் தட்டவில்லை, என் சொல்லையும் தட்டவில்லை. முதலாவதுக்குச் சத்தமில்லாமல் பரக்கத்து சொன்னாள். அதற்குப் பிறகு, நான் சொன்னபடி, ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஒற்றை யானைக்குப் பரக்கத்து சொன்னபின் எண்ணுவதற்கு அவளிடம் யானை மிச்சமில்லை. அதனால்தான் பூச்சியம். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு கணக்கிலும் அந்தப் பிள்ளை எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. நான் அதற்குத்தான் பிழை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் வெளியே வந்தபோது வாப்பா கலங்கிப் போய் நின்றார். "அப்ப நான் எண்ணுறதப் பார்த்துத்தான் புள்ளக்கிப் பிழச்சிச்சா சேர்? இனி நான் பரக்கத்து சொல்லாமலா எண்ணுற?"

"ஐயோ நாநா, அப்பிடி ஒண்டும் இல்ல. நீங்க சொல்லுங்க." அவர் சுமையாவின் பக்கம் திரும்பினார். "மகள், பரக்கத்துக் கருவாடு இப்ப எங்க கிடக்கு?"

அவள் கூடையைக் காட்டினாள்.

"மத்ததெல்லாம்?"

"அதுவும் கூடையிலதான்."

அவர் கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். என் வாய்வரை விடை வந்து நின்றது. சொல்லவா என்று துடித்தது. முதல்முறையாக நானும் பேசாமல் நின்றேன். சுமையா கூடையைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, முதலிலிருந்து எண்ணினாள்.

"பரக்கத்து ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு..."

பரக்கத்தையும் ஒன்றையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டாள். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசிக் கருவாட்டைப் போட்டு, "பதினெட்டு" என்றாள். வாப்பா அதைத் திரும்ப எண்ணிப் பார்த்தார். பதினெட்டுத்தான். அவர் பிள்ளையின் தலையில் கையை வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடையை அடுக்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் படிவத்தில் அவளுடைய பெயரை வெட்டினேன். வெட்டியதற்குக் காரணம் எழுதச் சொன்னார் அதிபர். பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். 'பெயர் தவறுதலாக எழுதப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்து விசாரித்தார். "காரணம் என்ன போட்டீங்க?"

"தவறுதலாக எண்டு."

அவர் கண்ணில் அந்த வெளிச்சம் வந்தது. "ஹரி. அது எப்பிடி வந்திச்சு டீச்சர்?"

"எனக்கு வேல இரிக்கு சேர்" என்று எழுந்து போய்விட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் என்னைக் காணும்போதெல்லாம் காத்திருந்தார். தேத்தண்ணீர் நேரத்தில், வராந்தாவில், பஸ் தரிப்பிடம் தாண்டி மோட்டார் சைக்கிளை மெதுவாக்கித் தலையசைக்கும்போது, அந்தக் கையிரண்டும் முழங்காலுக்கு நடுவில் இருப்பதாகவே எனக்குப் பட்டது. சில நாள் கோபம் வந்தது. சில நாள் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

மூன்றாம் தவணை தொடங்கியபோது அவர் வரவில்லை. வேறு கோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அதிபர் சொல்லித்தான் மாற்றினார்கள் என்று ஒரு கதையும் இருந்தது. எனக்குத் தெரியாது. காலையில் வகுப்புக்குள் போய்ப் பையை வைக்கக் குனிந்தபோது, கதிரையில் மண்ணிறத் தாள் உறை போட்ட அந்தக் கொப்பி கிடந்தது. மாற்றல் கடிதத்தை வாங்க வந்த அன்றைக்கு வைத்துவிட்டுப் போனாராம், காவலாளி சொன்னார்.

பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் புரட்டினேன். அறுபத்தாறு இருந்தது. தண்ணீருக்குள் இருந்த ஐந்தாவது ஆள் இருந்தார். பரக்கத்து ஒரு பக்கம் முழுக்க இருந்தது, கருவாட்டுக் கூடையின் சின்னப் படத்தோடு. எழுத்து இருந்த கடைசிப் பக்கத்தில் இடப்பக்கம் இப்படி எழுதியிருந்தார்: 'ஓர் ஆசிரியை. எண்ணத் தெரிந்த பிள்ளையைத் தெரியாது என்று எழுதினார்.' பெயர் இல்லை. பிள்ளைகளுடைய பிழைகளை எழுதிய அதே எழுத்து, அதே பென்சில். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, அதை இங்கே மறைப்பானேன். பிறகு அழுகை வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் பார்த்துவிடாமலிருக்கக் கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் சுமையா சோடா மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "பரக்கத்து ஒண்டு" என்று தொடங்குவது என் மேசைவரை கேட்டது.

ஒரு பிள்ளையிடம் பென்சில் வாங்கி, வலப்பக்கத்தில் எழுதினேன்: 'பரக்கத்து சொல்லாதே என்று சொன்னது நான்தான்.' வாசித்துப் பார்த்தேன். அது மட்டும் காணாது. அவர் இருந்திருந்தால் அதையும் விரலால் தொட்டு, இது எப்பிடி வந்திச்சு என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டுக் காத்திருந்திருப்பார். நானும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்.

'சொன்னபின் அவள் எப்படி எண்ணுகிறாள் என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் என் பை இருந்தது.'